நாட்டு மருந்துக்கடைப் பையில் எது தேறும்? நெல்லைச் சீமைக்கு ஒரு மதிப்பீடு

திருநெல்வேலி டவுன் ரதவீதியில் ஒரு நாட்டு மருந்துக்கடைக்குப் போய், “கெமிக்கல் இல்லாம வீட்டுக்கு வேண்டிய சாமான் கட்டித் தாங்க அண்ணாச்சி” என்று கேட்டால் ஒரு பை நிறையக் கிடைக்கும். சீயக்காய்த்தூள், பூந்திக்கொட்டை, நலங்குமாவு, கஸ்தூரி மஞ்சள், மருதாணிப்பொடி, சாம்பிராணி, வசம்பு, கூடவே ஒரு மூலிகை சோப்பு. அந்தப் பையில் பாதி நல்ல சரக்கு. சிலது பணத்துக்குக் கேடு. இரண்டு மூன்று சாமான்களை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது. இங்கே எந்த ஒரு கடையையும் எடைபோடவில்லை. டவுன், பாளை மார்க்கெட், தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் கடைத்தெருக்களில் கிடைக்கும் சரக்கு வகைகளையும், அவை எந்தப் புட்டிகளுக்கு மாற்றாகும், எதற்கு ஆகாது என்பதையும்தான் பார்க்கிறோம்.

ஒரு சொல்லை முதலில் நேராக்கிக்கொள்ள வேண்டும். சோடா உப்பும் கெமிக்கல்தான், எலுமிச்சைப் புளிப்பும் கெமிக்கல்தான். பொருளின் பேரை வைத்து ஒன்றும் தெரியாது. என்ன பொருள், எவ்வளவு, தோலில் தங்குகிறதா கழுவிப்போகிறதா, மூச்சில் ஏறுகிறதா என்பதைப் பார்த்தால்தான் தீங்கு தெரியும். ‘நாட்டு’ என்ற பேர் போட்ட சரக்கையும் இதே உரைகல்லில்தான் தேய்க்க வேண்டும்.

முதலில் தண்ணீர்

நெல்லைச் சீமையில் எந்தச் சோப்பு, எந்தத் தூள் என்று கேட்பதற்கு முன்னால் எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டும். தாமிரபரணிக் குழாய்த்தண்ணீர் வருகிற வீட்டுக்கும், ராதாபுரம், திசையன்விளை பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புழங்குகிற வீட்டுக்கும் ஒரே சரக்கு ஒத்துவராது. கடினத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தயிர்போலத் திரிந்துவிடும். அந்தத் திரிபுதான் வாளி விளிம்பில் வெள்ளைப் பிசுக்காகவும், தலைமுடியில் சிக்காகவும், வேட்டியில் மங்கலாகவும் படிகிறது. நுரை வரவில்லையே என்று சோப்பை இன்னும் தேய்ப்போம். பிறகு சலித்துப்போய் வீரியமான டிடர்ஜெண்டுக்கு மாறுவோம். ஒரு வீட்டில் கெமிக்கல் கூடிப்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

சோதனை எளிது. தெளிவான பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்து, சுண்டைக்காய் அளவு தேங்காயெண்ணெய் சோப்பைச் சீவிப் போட்டு, மூடிப் பத்துத் தடவை குலுக்குங்கள். நுரை நிமிர்ந்து நின்று அடியில் தண்ணீர் தெளிவாக இருந்தால் மென்மையான தண்ணீர். நுரை படுத்து, தண்ணீர் பால்போலக் கலங்கினால் கடினம். டிடர்ஜெண்ட் வில்லையை வைத்து இந்தச் சோதனை செய்தால் ஒன்றும் தெரியாது, அது கடினத் தண்ணீரிலும் நுரைக்கும். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தால் எண்ணிக்கையாகவே வரும். இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர்க் கணக்கில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கலாம்.

கடினத் தண்ணீருக்கு மிகக் குறைந்த செலவில் செய்யும் வைத்தியம் வாஷிங் சோடா. 15 லிட்டர் வாளிக்கு ஒரு டீஸ்பூன், தண்ணீர் மிகவும் கடினமென்றால் இரண்டு டீஸ்பூன், அதாவது 5 முதல் 10 கிராம். போட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு வெண்துகளாகப் பிரியும். அதன்பிறகு சோப்போ தூளோ பாதி போதும். பட்டு, கம்பளி இரண்டுக்கும் இது ஆகாது, இழை நைந்துவிடும். கையில் வெடிப்பு இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள். கடையில் கேட்கும்போது ‘வாஷிங் சோடா’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். ‘சோடா’ என்று மட்டும் கேட்டால் ஆப்பச் சோடாவைக் கட்டித் தருவார்கள், அதற்கு இந்த வேலையில் பலம் போதாது. காஸ்டிக் சோடா இரண்டிலும் சேராதது, தோலைத் தின்றுவிடும்.

சீயக்காய்

பையில் முதல் மதிப்பெண் இதற்குத்தான். சீயக்காயில் இருக்கும் சப்போனின் என்ற இயற்கை நுரைப்பொருள், சோப்புபோலச் சுண்ணாம்போடு திரிந்து முடியில் படியாது. கரைசலும் லேசான புளிப்புத்தன்மை கொண்டது. அதனால் கடினத் தண்ணீர் ஊர்களில் தலைக்குச் சோப்பு போடுகிறவர்கள் சீயக்காய்க்கு மாறினாலே முடியில் விழும் சிக்கில் பாதி போகும்.

ஆனால் பாக்கெட்டுத் தூளாக வாங்காதீர்கள். காயாகவே வாங்கி அரையுங்கள். ஒரு கிலோ சீயக்காய்க்குப் பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், காய்ந்த செம்பருத்தி இலை இரண்டு கைப்பிடி. இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவேண்டும். ஈரம் இருந்தால் மில்லில் சல்லடை அடைத்துக்கொண்டு தூள் கொரகொரப்பாக விழும், இரண்டு மாதத்தில் பூசணமும் பிடிக்கும். மில்லில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த மிஷினில் இதற்கு முன் என்ன அரைத்தீர்கள்? மிளகாய் அரைத்த மிஷினில் சீயக்காயைக் கொட்டினால் குளிக்கும்போது கண் படும் பாடு சொல்லி மாளாது. சீயக்காய்க்குத் தனி மிஷின் வைத்திருக்கும் மில்லாகப் பார்த்துப் போங்கள். நாலைந்து மைல் கூடுதலாகப் போகவேண்டி வந்தாலும் பரவாயில்லை.

ஒரு தலைக்கு 20 முதல் 30 கிராம் போதும். வெந்நீரைவிட வடித்த கஞ்சியில் குழைத்தால் வழியாமல் நிற்கும். நிறைய நல்லெண்ணெய் தேய்த்த அன்று சீயக்காய் மட்டும் எண்ணெயை முழுசாக எடுக்காது. அன்றைக்குக் கொஞ்சம் பயற்றமாவு கூடச் சேருங்கள். சிலர் இரண்டு தடவை எண்ணெய் போகவில்லை என்று சீயக்காயையே விட்டுவிடுகிறார்கள். குறை சீயக்காயில் இல்லை, எண்ணெயின் அளவில்தான்.

பாக்கெட்டுத் தூளைத்தான் வாங்க வேண்டுமென்றால் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கலக்கிப் பாருங்கள். சீயக்காய் நுரை சிறியது, பழுப்பானது, சீக்கிரம் அடங்கும். ஷாம்பூபோல வெள்ளை வெளேரென்று பொங்கி நின்றால் அதில் டிடர்ஜெண்ட் கலந்திருக்கிறது. மல்லிகை வாசனை தூக்கினாலும் சந்தேகப்படுங்கள், சீயக்காய்க்கு அந்த வாசனை கிடையாது.

பூந்திக்கொட்டை

துணிக்கும் ஏனம் கழுவவும் நல்லது. நகை துலக்கவும் இதற்கு நிகரில்லை, நம் ஊர் ஆசாரிகள் அறிந்த பழைய சரக்கு. நுரைப்பது தோல்தான், உள்ளே இருக்கும் கறுப்பு விதை வெறும் எடை. முழுக்காயில் கிட்டத்தட்ட பாதி எடை விதைக்கே போய்விடும், ஆகவே விதை நீக்கியதா என்று கேட்டு விலை பேசுங்கள்.

100 கிராம் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் 15 நிமிடம் கொதிக்கவைத்துப் பிசைந்து வடித்தால் முக்கால் லிட்டர் சாறு வரும். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும், பொங்கி அடுப்பை அணைத்துவிடும். ஒரு வாளித் துணிக்கு 50 முதல் 75 மில்லி. இதில் பதனப்பொருள் எதுவும் இல்லாததால் நம் வெக்கையில் மூன்றாம் நாள் புளித்து நாறும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும். ‘ஆறு மாதம் கெடாத சுத்தமான பூந்திக்கொட்டை லிக்விட்’ என்று புட்டியில் விற்றால் அதற்குள் ஏதோ ஒரு பதனப்பொருள் இருந்தே ஆகவேண்டும். அது என்ன என்று லேபிளில் எழுதியிருந்தால் வாங்கலாம், எழுதாமல் ‘100 சதவீதம் இயற்கை’ என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிடுங்கள்.

எங்கே தோற்கும் என்பதையும் சொல்லவேண்டும். வியர்வைத் துணி, சேலை, வேட்டிக்குச் சரி. மெக்கானிக் ஷாப் கிரீஸ், மீன்குழம்பு எண்ணெய் பிடித்த சட்டி, பிள்ளைகளின் யூனிஃபார்ம் காலர் இவற்றுக்குப் போதாது. காலருக்குத் தேங்காயெண்ணெய் சோப்பை நேரடியாகத் தேய்த்துக் கால்மணி நேரம் விடுங்கள். மீன்சட்டிக்குச் சாம்பலோ, ஒரு ஸ்பூன் வாஷிங் சோடாவோ வெந்நீரில் போட்டு ஊறவைத்தால் போகும். ஆனால் அலுமினியச் சட்டியில் சோடா, சாம்பல் இரண்டும் படக்கூடாது, கறுத்து அரித்துவிடும்.

இயற்கைச் சரக்குதானே என்று ஆற்றங்கரைக்கு எடுத்துப்போகவும் கூடாது. சப்போனின் மீனின் செவுளைத் தாக்கும் நஞ்சு. குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூவுக்குத் தடை இருக்கிறது. தாமிரபரணிப் படித்துறைகளில் அந்தக் கட்டுப்பாட்டை நாமாகவே வைத்துக்கொண்டால்தான் ஆறு மிஞ்சும். சீயக்காய்க்கும் பூந்திக்கொட்டைக்கும்கூட அதுதான் கணக்கு: வீட்டில் வாளியில் கழுவி, அந்தத் தண்ணீரைப் புறவாசல் தென்னைக்கு விடலாம், ஆற்றில் விடக்கூடாது.

சோப்பு: உறையைப் படித்தல்

குளியல் சோப்பின் உறையில் டி.எஃப்.எம் என்று ஒரு எண் இருக்கும். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்பமிலத்தின் அளவு அது. இந்தியத் தரப்படி ‘டாய்லெட் சோப்’ என்று போட்டால் முதல் தரத்துக்கு 76 சதவீதம், இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 இருக்கவேண்டும். ‘பாத்திங் பார்’ என்று போட்டால் 40 இருந்தாலே போதும், மீதியை நிரப்புப்பொருளும் டிடர்ஜெண்டும் நிரப்பலாம். இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே பளபளப்பில் இருக்கும். தோல் வறண்டு வெடிக்கிறதென்று மாய்ச்சரைசர் தேடுவதற்கு முன்னால் இந்த எண்ணைப் பாருங்கள்.

அடுத்துப் பார்க்கவேண்டியது வாசனை. ‘பெர்ஃப்யூம்’ அல்லது ‘ஃப்ராக்ரன்ஸ்’ என்ற ஒரே சொல்லுக்குள் பத்துப் பதினைந்து பொருள்களை அடக்கிவிடலாம், தனித்தனியே எழுதவேண்டியதில்லை. தோல் ஒவ்வாமைக்கு வாசனைப்பொருள் ஒரு பெரிய காரணம். ஷாம்பூவில் சல்பேட் என்ற நுரைப்பொருள் இல்லை என்று பெரிதாக எழுதி விற்கிறார்கள். சல்பேட் கழுவிப்போகிற பொருள், கொஞ்சம் வறட்சி தரும், அவ்வளவே. அதைவிடக் கவனிக்கவேண்டியது மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதனப்பொருள். தோலில் தங்கும் கிரீம், லோஷன்களில் அதை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது. டிஎம்டிஎம் ஹைடன்டோயின் என்று இருந்தால் அது சிறுகச் சிறுக ஃபார்மால்டிஹைடு என்ற தோலை உறுத்தும் பொருளை விடும். ‘ஆண்டி பாக்டீரியல்’ சோப்பில் டிரைக்ளோசான் என்ற கிருமிக்கொல்லி இருந்தால் வேண்டாம். சாதாரண சோப்பைவிட அது மேலென்று நிறுவப்படவில்லை என்பதால் அமெரிக்காவில் 2016-ல் கைகழுவும் சோப்புகளிலிருந்து அதை நீக்க ஆணையிட்டார்கள்.

கடையில் தொங்கும் கைச்செய் மூலிகை சோப்புகளில் நல்லதும் உண்டு, மோசமும் உண்டு. உறையில் உற்பத்தி உரிம எண், முழு முகவரி, தயாரித்த தேதி, உட்பொருள் பட்டியல் நான்கும் இருக்கவேண்டும். நாலில் ஒன்று இல்லையென்றாலும் வாங்காதீர்கள். குப்பைமேனி சோப்பு பளிச்சென்ற பச்சையில் இருந்தால் சாயம் போட்டிருக்கிறார்கள். இலைச்சாறு சோப்பின் காஸ்டிக் காரத்தில் பட்டால் சில வாரத்தில் பழுப்படிக்கும், அதுதான் இயல்பு.

வீட்டில் செய்ய விரும்புகிறவர்களுக்குக் கணக்கு இது. தேங்காயெண்ணெய் 500 கிராம், தண்ணீர் 180 மில்லி. துணிக்கும் ஏனத்துக்குமான சோப்பென்றால் காஸ்டிக் சோடா 87 கிராம். குளிக்கவென்றால் 73 கிராம், அப்போது ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் சோப்பாகாமல் தங்கித் தோலைக் காக்கும். தேங்காயெண்ணெய் சோப்பு அழுக்கை உரித்தெடுக்கும் குணம் கொண்டது, அதனால் இந்த விட்டுவைத்தல் அவசியம். உப்புத்தண்ணீரிலும் அது ஓரளவு நுரைக்கும் என்பதால் கடற்கரை ஊர்களுக்கு நல்ல தேர்வு.

எலெக்ட்ரானிக் தராசில்தான் நிறுக்கவேண்டும், கரண்டி அளவு உதவாது. கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். காஸ்டிக்கின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர்தான் சரி. கரைசலும் எண்ணெயும் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் கலந்து, இட்லிமாவுப் பதம் வரும்வரை கடையுங்கள். ஒருநாள் அச்சில் வைத்து, வெட்டி, நிழலில் நாலு முதல் ஆறு வாரம் காயவிடுங்கள். வெட்டும்போது உள்ளே வெள்ளைப் பொட்டு, ஈரக்குழி தெரிந்தால் காஸ்டிக் சரியாகக் கலக்கவில்லை, அதை உடம்புக்குப் போடாதீர்கள். ஈரம் குடித்து இறுகிய பழைய காஸ்டிக்கை வாங்கினால் எடைக்கணக்கே தப்பி, சோப்பு எண்ணெயாக ஒழுகும்.

நலங்குமாவு, மஞ்சள், மருதாணி, சாயம்

நலங்குமாவு நல்ல சரக்கு, ஒரு எச்சரிக்கையோடு. பெரும்பாலான கலவையில் கார்போக அரிசி என்ற மூலிகை விதையைச் சேர்ப்பார்கள். அதில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது, தோலில் அது இருக்கும்போது வெயில் பட்டால் கன்றிப்போகும், கருந்திட்டும் விழும். நம் சித்திரை வெயிலில் இது சின்ன விஷயமில்லை. குழந்தைகளுக்கும், பகலில் வெளியே போகிறவர்களுக்கும் கார்போக அரிசி இல்லாமல் அரைத்துத் தரச்சொல்லுங்கள். பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் நாலே போதும்.

கஸ்தூரி மஞ்சள் என்று கேட்டால் அடர்மஞ்சளாக ஒன்றைத் தருவார்கள். அசல் சரக்கு வெளிறிய நிறம், தோலில் மஞ்சளாக ஒட்டாது, கற்பூரம் கலந்தாற்போல் மணக்கும். பிடித்துத் தேய்த்தவுடன் கை மஞ்சளானால் அது வேறு.

மருதாணியை இலையாகப் பறித்து அரைப்பதுதான் பத்திரம். முதல்நாள் ஆரஞ்சு, மறுநாள் செம்பழுப்பு, அதுதான் இலையின் வேலை. அரைமணியில் கறுப்பாகப் பிடிக்கும் ‘பிளாக் ஹென்னா’வில் பி.பி.டி என்ற முடிச்சாயப் பொருள் இருக்கும். தோல் கொப்பளிக்கலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்கு ஆயுள் முழுவதும் எந்த முடிச்சாயமும் ஒத்துக்கொள்ளாமல் போகவும் கூடும். கடைச்சாயம் போடுகிறவர்கள் காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டே போடவேண்டும். ‘மூலிகைச் சாயம்’ என்ற பாக்கெட்டிலும் உட்பொருள் பட்டியலில் பி.பி.டி-யைத் தேடுங்கள். அவுரியும் மருதாணியும் மட்டும் என்றால் முதலில் மருதாணி, கழுவிவிட்டு அவுரி என இரண்டு தடவை போடவேண்டியிருக்கும். ஒரே தடவையில் பத்து நிமிடத்தில் கறுக்கும் மூலிகை என்று ஒன்று கிடையாது.

வெள்ளையாக்கும் கிரீம்

இதை வாங்கவே வாங்காதீர்கள். பேன்சி கடைகளில் உரிம எண் இல்லாமல், தயாரித்த ஊர் தெரியாமல், ஒரு வாரத்தில் நிறம் மாறும் என்று விற்கும் டப்பாக்களில் பாதரசம் கலந்திருக்கக்கூடும். 2020 அழகுசாதன விதிகளின்படி இப்படிப்பட்ட தோல் கிரீமில் பாதரசத்தைச் சேர்க்கவே கூடாது, தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 2023-ல் மலை தாண்டி மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரக நோயோடு வந்த பலர் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டார்கள். தோல்வழியாக ஏறிய பாதரசம் சிறுநீரகத்தின் சல்லடையைக் கெடுத்து, புரதம் சிறுநீரில் ஒழுகியது. சிறுநீர் நுரைப்பது, கால்வீக்கம், முகவீக்கம் கண்டால் கிரீமை நிறுத்தி, அந்த டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். அதே வீட்டில் அந்த கிரீமைப் பூசுகிறவர் தூக்கும் குழந்தைக்கும் அது ஒட்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிரீமும் மருத்துவர் சீட்டு இல்லாமல் முகத்துக்கு ஆகாது. தோல் மெலிந்து, நிறுத்தியவுடன் முன்னைவிட மோசமாகச் சிவக்கும்.

ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர்

பாத்ரூமில் நிற்கும் இந்த மூன்றும்தான் வீட்டின் நிஜமான ஆபத்து. சீயக்காய்க்கு மாறிவிட்டு ஆசிட் கேனை வைத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் மாறவில்லை.

ஆசிட் தேவைப்படுவது உப்புக்கறைக்கு. அதே வேலையை எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட் படிகம், மெதுவாகச் செய்யும். லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் கரைத்து, கறைமேல் பழந்துணியை நனைத்துப் போர்த்தி, அரைமணி முதல் ஒருமணி நேரம் விட்டுத் தேயுங்கள். ஊற்றியவுடன் தேய்த்தால் போகாது, அது அமிலத்தின் குறையல்ல, அவசரத்தின் குறை. பல வருடக் கறைக்கு மூன்று நாலு நாள் தொடர்ந்து செய்யவேண்டும். மொசைக், மார்பிள், சிமெண்டுத் தரையில் எந்தப் புளிப்பும் படக்கூடாது. ஆசிட் ஊற்றி ஊற்றித்தான் பழைய வீடுகளில் தார்சா எனும் முன்கூடங்களின் மொசைக் பொலிவிழந்து பொரிந்துபோயிருக்கிறது. பொரிந்த தரையில் அழுக்கு இன்னும் ஆழமாகப் பிடிக்கும்.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில், ஒரே கோப்பையில் சேரக்கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், சிறிய பாத்ரூமில் அது நுரையீரலைப் பொசுக்கும். முதல்நாள் ஊற்றிய பிளீச்சிங்கின்மேல் மறுநாள் டாய்லெட் கிளீனரை ஊற்றுவதும் இதேதான். அதிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அப்படி நெடி வந்துவிட்டால் கழுவ நிற்காமல் வெளியே வந்து, ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

பிளீச்சிங் பவுடர் தேவைப்படும் இடம் உண்டு: வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த வீடு, மழைத்தண்ணீர் புகுந்த தரை. புதுப் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின். லிட்டருக்கு 15 கிராம் போட்டால் அரைச் சதவீதக் கரைசல், அசுத்தம் பட்ட இடத்துக்கு அது. சாதாரணத் தரைக்கு 3 கிராம் போதும். பத்து நிமிடம் ஈரமாக நிற்கவேண்டும். திறந்த பாக்கெட்டு நம் ஈரக்காற்றில் சீக்கிரம் வீரியம் இழக்கும், நெடி இல்லாத பவுடர் வெறும் சுண்ணாம்பு.

தினசரித் தரை துடைக்கப் பினாயிலே வேண்டாம். கறுப்புப் பினாயில் நிலக்கரித்தாரிலிருந்து வரும் பீனால் வகை, வீட்டில் பூனை வளர்த்தால் அதன் காலில் பட்டு நக்கும்போது விஷமாகும். வெள்ளைப் பினாயிலில் வாசனைதான் முன்னால் நிற்கும், அந்த வாசனைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. வாளிக்கு ஒரு ஸ்பூன் வாஷிங் சோடாவும் இரண்டு தடவை மாற்றிய தண்ணீரும் போதும். மொசைக்குக்கும் பாதகமில்லை.

பழத்தோல் என்சைம் பற்றி நிறையப் பேச்சு இருக்கிறது. வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, தொண்ணூறு நாள். பிளாஸ்டிக் பாட்டிலில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக விட்டு, முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விடவேண்டும், கண்ணாடிப் புட்டி வெடிக்கும். கிடைப்பது லேசான புளிப்புத் தண்ணீர். வாஷ்பேசின் கறை, குழாய்ப் பிசுக்குக்கு உதவும். கிருமிநாசினி என்று அதை நம்பக்கூடாது. உடன்குடிக் கருப்பட்டியை இதில் போடாதீர்கள், கழிவு வெல்லமே அதிகம். வினிகரையும் ஆப்பச் சோடாவையும் சேர்த்துப் பொங்கவிடும் வித்தைக்கும் பயனில்லை. இரண்டும் ஒன்றையொன்று முறித்து, கையில் மிஞ்சுவது உப்புத்தண்ணீர். தனித்தனியே போட்டால் தனித்தனி வேலை செய்யும்.

புகை

பையிலிருந்து வெளியே எடுத்துவைக்கவேண்டியது இந்தப் பகுதியில்தான் அதிகம். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிகையில் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டின் அளவுக்குச் சமம் என்று 2003-ல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. ‘மூலிகைக் கொசுவர்த்தி’யும் எரிகிற பொருள்தான். நொச்சி இலைப் புகையும் வேப்பிலைப் புகையும்கூடப் புகைதான், கொசு போகும், ஆனால் நம் நுரையீரலுக்கு அது நாட்டுப்புகை என்று தெரியாது. கொசுவலைக்கும், ஜன்னல் வலைக்கும், மின்விசிறிக்கும் ஈடாக எந்த மருந்துக்கடைச் சரக்கும் இல்லை. வாரம் ஒருமுறை ஃப்ரிட்ஜ் தட்டு, பூந்தொட்டி, மொட்டைமாடித் தொட்டி மூடி பார்த்துத் தண்ணீரைக் கவிழ்ப்பதும் அதில் சேரும்.

பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் நம் வீடுகளில் ஆழமானது. சங்கடத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது: கைக்குழந்தைக்கு அது வேண்டாம். கரியில் கார்பன் மோனாக்சைடு வரும், நுண்துகள் சின்ன மூச்சுக்குழாயை இறுக்கும். மெல்லிய துண்டால் ஒற்றி எடுத்து, காற்று நேரடியாகப் படாமல் உலர்த்தினால் போதும். வீட்டுக்குச் சாம்பிராணி போட வேண்டுமென்றால் குழந்தை வேறு அறையில், ஜன்னல் திறந்து. மூடிய அறையில் கரித்தணலை வைத்துத் தூங்குவது உயிருக்கே ஆபத்து.

அந்துருண்டை என்றும் பாச்சா உருண்டை என்றும் ரசகற்பூரம் என்றும் விற்பது நாப்தலீன். ஜி-6-பி-டி குறைபாடுள்ள, அதாவது ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு என்சைம் பிறவியிலேயே குறைந்த குழந்தைக்கு இந்த உருண்டையோடு வைத்த துணியைப் போர்த்தினாலே ரத்த அணுக்கள் உடையலாம், மஞ்சள் காமாலை வரலாம். பெட்டியிலிருந்து எடுத்த பழைய தொட்டில் சேலையை வெயிலில் காட்டி, துவைத்து, மறுபடியும் வெயிலில் காட்டிய பிறகே கட்டுங்கள். பட்டுக்கு வேப்பிலையும் மாதம் ஒருமுறை பிரித்துக் காற்றாட விடுவதும் போதும். கற்பூரத்தை மாற்றாக வைக்கிறவர்கள் அதையும் குழந்தை எட்டாத உயரத்தில் வையுங்கள், ஒரு சிறு துண்டு விழுங்கினாலும் வலிப்பு வரக்கூடும். வசம்பு கையில் கட்டும் வளையலோடு நிற்கட்டும், உரைத்து நாக்கில் தடவவேண்டாம். அதிலுள்ள ஆசரோன் என்ற பொருள் காரணமாக அமெரிக்காவில் 1968-லேயே உணவில் வசம்பைத் தடைசெய்துவிட்டார்கள்.

மிச்சமிருக்கும் ஆசிட்டை என்ன செய்வது

வாருகாலில், அதாவது சாக்கடையில் ஊற்றாதீர்கள், அது கடைசியில் வயலுக்கோ ஆற்றுக்கோ போகும். கழிப்பறைக் கோப்பையில் அப்படியே கவிழ்த்தாலும் செப்டிக் டாங்கில் வேலைபார்க்கும் நுண்ணுயிர்களுக்குக் கேடு. புறவாசலில், ஆவி முகத்தில் அடிக்காதபடி காற்று வரும் பக்கமாக நின்று, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியில் பத்து லிட்டர் தண்ணீர் எடுத்து, அதில் அரை லிட்டர் ஆசிட்டை மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீரில்தான் ஆசிட், ஆசிட்டில் தண்ணீர் கூடாது. பிறகு தூள் வாஷிங் சோடாவை ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனாகப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் பொங்கி அடங்கும். அரை லிட்டருக்குக் கால் கிலோவும் கொஞ்சமும் பிடிக்கும். போட்டும் பொங்காமல் நின்றால் அமிலம் முறிந்துவிட்டது, அதன்பின் நிறையத் தண்ணீரோடு கழிப்பறையில் ஊற்றலாம். காலிக் கேனை மூன்று தடவை அலசி, மூடியைத் தனியாக எடுத்து, அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். அந்தக் கேனில் இனி யாரும் எண்ணெயோ தண்ணீரோ பிடிக்கமாட்டார்கள்.